இடது சீட்டுக்காரி

வண்டிக்குள் என்னைத் தவிர இன்னொருவரும் மூச்சு விடுகிறார் என்ற எண்ணம் முதன்முதலில் எனக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது. நல்ல வெயில். ரோட்டுப் புழுதிக்காகக் கண்ணாடிகளை ஏற்றி விட்டிருந்தேன். முன்கண்ணாடியின் இடது பாதியில் மட்டும், உள்பக்கமாக, மெல்லப் பனி படர்ந்தது. கண்ணாடிக்குக் கிட்டத்தில் முகத்தை வைத்து யாரோ ‘ஹா’ என்று ஊதினால் எப்படிப் படருமோ அப்படி. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே இடத்தில் படர்ந்தது. கூடவே இனிப்பாக ஒரு வாசனை.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். பேய் பிசாசை நம்பாதவள். (பகலில்.) ஆகவே அந்த வாசனை பன்னீர் திராட்சையுடையது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதுவரைக்கும் அந்த வண்டியில் நாங்கள் ஏற்றியது தொழுஉரம் மட்டும்தான் என்பது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது.

பழைய பிக்கப் அது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் ஓடிய வண்டி. நம் தோட்டத்துத் திராட்சையை நாமே ஏற்றிக்கொண்டு போய் மலைமேல் விற்கலாம் என்று ஆறு மாதம் அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தவள் நான். அப்பா கையெழுத்துப் போடும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“ஏத்தா, ஒரே லோடு. குமுளி மலை ஏறி, பழம் நசுங்காம, நேரத்துக்குப் போய்ச் சேரணும். சேந்துச்சுன்னா வண்டி ஒன்னுது. இல்லேன்னா வண்டிய வித்துட்டு, நீ அந்தக் கோயம்புத்தூர் கம்பெனிக்குக் கெளம்பிரு.”

கோயம்புத்தூர் கம்பெனியின் வேலைக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு இருந்தது. தினமும் சாமி கும்பிடும்போது அது என்னைப் பார்க்கும். ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போல்ட் வரைகிற வேலை. எனக்கோ நிஜ போல்ட் வேண்டும். கைக்குக் கிரீஸ் ஒட்ட வேண்டும்.

திராட்சை பழுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் வண்டி என்னைப் பைத்தியமாக்கியது.

ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. காலையில் ரிசர்வ் டேங்கில் கோடு வரை ஊற்றினால், சாயங்காலம் இரண்டு விரல் இறங்கியிருக்கும். ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காய்ந்த அட்டை காய்ந்தபடியே கிடந்தது. ஆன்லைனில் வாங்கிய ஸ்கேனரை மாட்டினேன். ‘எந்தக் கோளாறும் இல்லை’ என்று பச்சை நிறத்தில் சிரித்தது. ஆக, தண்ணீரை யாரோ குடிக்கிறார்கள்.

இரண்டாவது வாரம் இடது பக்கக் கால்மிதி ஈரமானது. அந்த சீட்டில் யாருமே உட்காரவில்லை. ஆனாலும் மிதியில் இரண்டு ஈரத் திட்டுகள், பக்கத்துப் பக்கத்தில். ஆற்றில் இறங்கி எழுந்து வந்து ஒருத்தி காலை வைத்து உட்கார்ந்த மாதிரி. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது.

(செத்தவர்கள் உடம்பு சில்லென்றுதானே இருக்கும் என்று ஒரு நிமிடம் ஆறுதல் அடைந்தேன். அடுத்த நிமிடம் அந்த ஆறுதலே பயமாக மாறியது.)

விற்றவருக்கு போன் போட்டேன். மலையாளக்காரர், தன்மையான மனிதர். “சேட்டா, அந்த எடது சீட்டு...” என்று இழுத்தேன்.

அவர் மெதுவாக, “ஆ... அது எப்போழும் அங்ஙனெயா மோளே” என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது. எப்போதும் அப்படித்தானாம்! எது? யார்? நூறு முறை கூப்பிட்டும் போன் போகவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அன்றிலிருந்து இடது சீட்டில் உட்கார யாரும் தயாராக இல்லை. அப்பா தோட்டத்துக்கு வரும்போது பின்னால் ஏறி நின்றுகொள்வார். கேட்டால், “காத்தாட வர்றேன்.”

அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வருசநாட்டுப் பக்கம் போய் ஒரு கோடாங்கியிடம் குறி கேட்டு வந்துவிட்டாள்.

“தண்ணித் தாகத்தோட போனவளாம். மலைல இருந்து வண்டியோடவே எறங்கி வந்துட்டாளாம். திரும்ப மலைக்குப் போகணும்ங்குறாளாம். கோடாங்கி சொன்னாக” என்றாள். கையில் ஒரு சொம்பு. மந்திரித்த மஞ்சள் தண்ணீர், மேலே திருநீறு மிதந்தது.

“இத வண்டி மேல தெளிச்சே, நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று கத்தினேன். “இது மெக்கானிக்கல் பிராப்ளம்மா. ஹெட் கேஸ்கெட்டு.”

“அந்தக் கேசுகெட்டு யாரு?”

“ஒனக்குப் புரியாது.”

“சரித்தா” என்றாள் அம்மா. “வண்டி மேல ஒரு சொட்டுத் தெளிக்கல.” அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற பெண்பிள்ளை இல்லை அவள். நான்தான் கவனிக்கவில்லை. டேஷ்போர்டில் இருந்த ஒரு திருகுக் குமிழில் எலுமிச்சம்பழத்தை மட்டும் கட்டித் தொங்கவிட அனுமதி கேட்டாள். கொடுத்தேன். அந்தத் திருகு எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் நீலக் கோடு, மறு பக்கம் சிவப்புக் கோடு. எதையும் செய்யாத திருகு.

லோடு ஏற்றிய நாள் வந்தது. விடிந்ததும் கிளம்பினோம். கூடைகளுக்கு நடுவில் அப்பா. முன்னால் நானும், என் பக்கத்தில் காலி சீட்டும்.

லோயர் கேம்ப் தாண்டி மலையில் ஏறியதும் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. மின்நிலையத்தின் ராட்சசக் குழாய்கள் பாதி தெரிந்தன, பாதி காணாமல் போயின. வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. கோடாங்கி சொன்னது வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது: *திரும்ப மலைக்குப் போகணும்ங்குறா.*

நான்தான் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வளைவில் முன்கண்ணாடியின் இடது பாதியில் பனி படர்ந்தது. இந்த முறை வெள்ளையாக இல்லை. லேசான மஞ்சள். வாசனையும் மாறியிருந்தது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்த வாசனை. கீழே பார்த்தேன். இடது கால்மிதியில் இரண்டு மஞ்சள் ஈரத் திட்டுகள், என் கண்ணெதிரிலேயே பெரிதாகிக்கொண்டிருந்தன.

உதவிக்கு யாராவது இருக்கிறார்களா என்று உள்கண்ணாடியைப் பார்த்தேன். பின் ஜன்னலில் ஒட்டியபடி, தலை முழுக்க வெள்ளைத் துணி சுற்றிய ஒரு முகம் என்னையே பார்த்தது.

நான் போட்ட கூச்சலில் மலைக் குரங்குகள் இடம் மாறியிருக்கும். (குளிருக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, டெம்பரேச்சர் முள் ஏறுவதை மகள் கவனிக்கிறாளா என்று எட்டிப் பார்த்த என்னைப் பெற்ற தகப்பன் அது.) அதே நேரத்தில் டேஷ்போர்டுக்குள் ‘புஸ்’ என்று ஒரு சீறல். வண்டி முழுக்க மஞ்சள் வாசனைப் புகை. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, குதித்தேன்.

அப்புறம் நான் செய்ததை என் படிப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். சுற்றிக்கொண்டு போய் இடது கதவைத் திறந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“அக்கா, நான் ஒங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. வண்டிய செகண்ட் ஹேண்டாத்தான் வாங்குனேன். மலை வந்துருச்சு. தயவுசெஞ்சு எறங்கிருங்கக்கா!”

பின்னால் ஒரு பஸ் நின்றிருந்ததைப் பார்க்கவில்லை. வளைவை நான் அடைத்திருந்ததால் அதுவும் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து, திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எறங்க மாட்டேங்குறாகளா? நம்ம பஸ்ஸுல எடம் இருக்கு. டிக்கெட் மட்டும் எடுக்கச் சொல்லு.”

பஸ்ஸே சிரித்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். ஒரு கல்லூரிப் பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அப்பா இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். கால்மிதியில் விரலைத் தொட்டு முகர்ந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. சந்தேகம் இருந்தது.

“இது ஒங்கம்மா வேலைல்ல?”

“என்னது?”

“நேத்துக் காலைல வண்டிக்கு முன்னாடி மூடியத் தெறந்து என்னமோ ஊத்துனா. ‘தாகம்னு வந்துருக்கா, வெறுந்தண்ணியவா குடுக்குறது’ன்னா.”

அம்மாவுக்கு போன் போட்டேன்.

“ஆமா, ஊத்துனேன்” என்றாள் நிதானமாக. “வண்டி மேல தெளிக்கக் கூடாதுன்ன. உள்ள ஊத்தக் கூடாதுன்னு சொன்னியா?”

அந்த இடத்தில்தான், மஞ்சள் புகைக்கு நடுவில், நான்கு வருடப் படிப்பு திரும்பி வந்தது. ரேடியேட்டரில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் சீட்டுக்கு முன்னால் வருகிறது என்றால், ரேடியேட்டரிலிருந்து வண்டிக்குள் ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கால்மிதிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் என்ஜின் பக்கமிருந்து போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள். அதைக் கட்டுப்படுத்துவது எலுமிச்சம்பழம் தொங்கிய திருகு.

ஹீட்டர்!

மலை வண்டி அது. குளிருக்கு என்ஜின் சுடுதண்ணீரை உள்ளே கொண்டுவந்து காற்றைச் சூடாக்கும். உள்ளே இருந்த அதன் குட்டி ரேடியேட்டர் பொத்துப்போயிருக்கிறது. இனிப்பு வாசனை ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட்டுடையது. கண்ணாடியில் மூச்சு அதன் ஆவி. ஈரக் கால் அதன் ஒழுகல். தேனி வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வண்டியில் ஹீட்டர் என்று ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. பேய் இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

முக்கால் மணி நேரம் என்ஜின் ஆறக் காத்திருந்தோம். வண்டியை ஓரம் தள்ளிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில்களையும் தந்துவிட்டு, பஸ் போய்விட்டது. இரண்டு ஹோஸையும் பெட்டியிலிருந்து உருவினேன். ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. சேர்க்க ஒரு துண்டுக் குழாய் வேண்டும். மலைமேல் எங்கே போவது?

அப்பா சட்டைப் பையைத் துழாவி, தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயின் ஜாயின்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பியால் இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, முள்ளையே பார்த்தபடி ஏறினோம். அப்பா இடது சீட்டில் உட்கார்ந்து வந்தார், மஞ்சள் ஈரத்தில் கால் வைத்தபடி.

மார்க்கெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. காத்திருந்த வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே இறக்கிக்கொண்டார். கம்பத்து மெக்கானிக் அண்ணன் மறுநாள் ஜாயின்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மஞ்சள் விஷயத்தைக் கேட்டதும் மட்டும் மரியாதையாக நிமிர்ந்தார். “தங்கச்சி, லீக்கு கண்டுபிடிக்கப் பெரிய எடத்துல எல்லாம் கலர் மருந்துதான் ஊத்துவாக. ஒங்கம்மா அதத்தான் பண்ணிருக்காக.”

கோயம்புத்தூர்க் கடிதத்தை அப்பாவே எடுத்து, பரண் மேல் போட்டார். “நேரம் போனாப் போகுது, பழம் நசுங்கல. வண்டி ஒன்னுது. மெக்கானிக்கு ஒங்கம்மா.”

பஸ்ஸில் எடுத்த வீடியோ மூன்றே நாளில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது ஊஞ்சலை விட்டு எழுந்திருக்காவிட்டால், அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள்: “தயவுசெஞ்சு எறங்கிருங்கக்கா.” விருந்தாளி நேரத்துக்குக் கிளம்பாவிட்டால், அவர் வாசல் தாண்டிப் போகும்வரை காத்திருந்து சொல்வாள்.

ஹீட்டர் பெட்டியை மெக்கானிக் அண்ணன் மொத்தமாகப் பிடுங்கிவிட்டார். வழியை அடைத்துவிட்டார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. மிதி காய்ந்து கிடக்கிறது. எல்லாம் சரி.

போன வியாழக்கிழமை வரை.

வெயில் நேரம். கண்ணாடி ஏற்றியிருந்தது. இடது பாதியில், அதே உயரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பனி. வண்டிக்காரர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஏசித் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கும் என்று பதினோரு பேர் ஒரே பதிலைப் போட்டார்கள். சரியான பதில்தான். ஆனால் என் வண்டியில் ஏசி கிடையாது.

காரணம் ஒன்று இருக்கும். எங்கேயோ ஒரு ரப்பர், எங்கேயோ ஒரு ஓட்டை. நாளைக் காலை டேஷ்போர்டை முழுசாகக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்தாயிற்று. ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரும் கலந்தாயிற்று, இந்த முறை நானே.

வேலையை ஆரம்பிக்கும் முன் இடது பக்கக் கதவை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துவிடுவேன். வெளிச்சத்துக்காகத்தான்.