எவாஞ்சலின் வாங்கிய ராட்டை

நூல் மறுபடியும் அறுந்தது. எவாஞ்சலின் பஞ்சுத் திரியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"கிறீச்சுனு சத்தம் வேற போடுது. இன்னான்னு கொஞ்சம் பாருங்களேன்."

டெனிசனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரகடத்துத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். புது மிஷின் இறக்குவதற்காக லைனை மூடிவிட்டார்கள். பென்னலூர் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மூன்றே நாளில் மிக்சியையும் வாஷிங் மிஷினையும் பிரித்து மாட்டியிருந்தான். இரண்டும் அதற்கு முன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது மிக்சிக்கு ஒரே வேகம்; வாஷிங் மிஷின் துவைத்துக்கொண்டே வாசல் வரை நடந்து வருகிறது. ஷிப்டுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ராட்டை முந்தின நாள்தான் வந்திருந்தது. சர்ச்சில் பெண்களெல்லாம் நூற்கப் பழகுகிறார்கள் என்று குன்றத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்திருந்தாள்.

முதலில், நூல் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கதிருக்கு எண்ணெய் விட்டான். சத்தம் நின்றது. ஆனால் எண்ணெய் சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிற்றில் இறங்கி, கயிறு வழுக்கி, சக்கரம் சுற்றினாலும் கதிர் அசைய மறுத்தது. கயிற்றை இழுத்துக் கட்டினான், கதிர் வளைந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தினான். கதிர் நிமிர்ந்தது, அதைத் தாங்கும் கட்டை பிளந்தது.

கட்டையை ஒட்டிவிட்டு, கயிறே வேண்டாமென்று ரப்பர் வளையம் மாட்டினான். எவாஞ்சலின் கைப்பிடியை ஒரு சுற்றுதான் சுற்றினாள். கதிர் தெறித்துப் போய் ஜன்னல் திரையில் குத்தி நின்றது.

அவள் திட்டவில்லை. கதிரைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.

"பரவால்ல, நிதானமா பாருங்க. எனக்கு இன்னா அவசரம்?"

அந்தப் பொறுமைதான் அவனைக் கொன்றது. ஆசையாக ஒரு பொருள் வாங்கினாள், அதையும் பாழாக்கிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை. ராட்டையில் கை வைத்த ஐந்தாவது நாள், அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ராட்டையின் பாகங்களைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு குன்றத்தூருக்கு வண்டியை விட்டான்.

கடைக்காரர் நாகப்பனிடம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டான். இதே மாதிரி வேறொன்று வேண்டும், நன்றாக ஓட வேண்டும், மனைவிக்கு விஷயம் தெரியக் கூடாது என்றான்.

நாகப்பன் சாக்கைப் பிரித்து, பிளந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வாங்கினது பென்னலூர் எவாஞ்சலின் அம்மாதானே என்று கேட்டார். டெனிசன் தலையாட்டினான்.

"நல்லா ஓடுறதத்தான் சார் மொதல்ல காட்டினேன். 'அது வேணாம், பன்னெண்டு நாள் ரிப்பேர் பாத்தாலும் ஓடாத மாதிரி ஒன்னு குடுங்க'ன்னு அவங்கதான் தேடிப் பொறுக்கி வாங்கினு போனாங்க."