இரண்டாம் மாடிக் குளியலறை: உங்கள் தலைவனின் தன்னிலை விளக்கம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய விடுதித் தோழர்களே,

வணக்கம். நான் நலமில்லை. நீங்கள் நலம் என்பதை நேற்று மாலை பொதுக்கூட்டத்தில் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். நாளை நாலு மணிக்கு, உங்கள் மாணவர் தலைவனான என்னைப் பதவியிலிருந்து இறக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். அதற்குமுன் என் பக்கத்து நியாயத்தை எழுதி, அறைக்கு அறை கதவடியில் தள்ளிவிடச் சொல்லி வார்டன் உத்தரவு. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தில் புகார் விசாரிக்கும் முறையைக் கொண்டுவந்தவனே நான்தான். புகாரைப் பெயரில்லாமல் வாசிப்பது, தண்டனையைக் கை தூக்கி முடிவு செய்வது, அதற்கப்புறம்தான் குற்றவாளியின் பெயர் இருக்கும் உறையைப் பிரிப்பது. வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்கக் கூடாதல்லவா? எங்கேயும் இல்லாத முறை என்று போன தேர்தலில் தொண்டை கிழியப் பேசினேன். ஏன் எங்கேயும் இல்லை என்பது நேற்றுத்தான் புரிந்தது. நேற்றைய புகார் என்ன? நல்ல நிலையில் இருக்கிற பொதுக் குளியலறைக்கு ‘பழுது’ என்று பலகை மாட்டி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு மாதமாக ஒருவர் தான் மட்டும் வெந்நீரில் குளிக்கிறார், காலில் மாவுக்கட்டோடு நான் மூன்றாம் மாடி ஏறிக் குளிக்கிறேன் என்று ஒருவன் எழுதியிருந்தான். மாவுக்கட்டு என்றதுமே என் அறைச் சிநேகிதன் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது, சத்தியமாகச் சொல்கிறேன். “யாருப்பா அந்த மனசாட்சியே இல்லாதவன்? பதவியில இருந்தா பிடுங்குங்க! ஒரு மாசம் எல்லாக் குளியலறையையும் அவனையே கழுவ விடுங்க!” என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். நீங்கள் பெரிய மனது பண்ணி, “ஒரு வாரம் போதும் தலைவரே” என்றீர்கள். நான் விட்டேனா? ஒரு மாதத்துக்கே நின்றேன், பதவியைப் பிடுங்கத் தனி ஓட்டு என்றும் முடிவாயிற்று. நீங்கள் ஆளுக்கு ஒரு கை தூக்கினீர்கள், நான் இரண்டையும் தூக்கினேன். அப்புறம் உறையைப் பிரித்தால் உள்ளே என் பெயர்! ஐயோ, வந்த வேகத்தில் அதையும் அதே குரலில் சத்தமாக வாசித்துத் தொலைத்தேன்.

“படிக்கும்போதே தெரியலையா?” என்று பார்க்கிறவனெல்லாம் கேட்கிறான். தெரியவில்லையப்பா! அதுதான் என்னையே உலுக்கிப் போட்டிருக்கிறது. அந்த இடத்தை நான் குளியலறை என்று நினைத்ததே இல்லை. நாலு மாதம் முன்பு அங்கே குழாய் உடைந்தது, பிளம்பர் இரண்டே நாளில் வேலையை முடித்துச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் பேச்சுப்போட்டி. அவசரத்தில் பலகை கழற்றப்படாமல் போயிற்று. ஒத்திகைக்கு இடமில்லாமல் ஒருநாள் உள்ளே போக நேர்ந்தது. அந்த நாலு சுவருக்குள் குரல் எழும்பி வருகிற கம்பீரம் இருக்கிறதே, அடடா! தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று கீசர் போடப்பட்டது. வெந்நீர் விழுந்தது. விழுகிற தண்ணீருக்கு நான் என்ன செய்ய முடியும்? இதே சிநேகிதனுக்கு மூன்றாம் மாடி வரைக்கும் தினமும் வாளி தூக்கினவனும் நான்தான். ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று, “இந்த நிர்வாகம் எப்போ கண்ணத் திறக்கும்?” என்று முழங்கினேன். அப்போதெல்லாம் சாவி என் பையில்தான் கிடந்தது. உறுத்தவே இல்லை! இன்று காலை அக்கா போன் பண்ணி, “ஏண்டா, நீயே உன்னப் பிடிச்சுக் குடுத்துட்டியாமே?” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் சிரிக்க மாட்டார்.

ஆகவே தோழர்களே, ஆளைத் தெரியாமல் போட்ட தீர்மானத்தை, ஆளைத் தெரிந்தபின் அப்படியே வைத்திருப்பது தர்மமா? நாளை ஒரு கையும் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதவி போனால் நான் ஒன்றுமே இல்லை. உங்கள் தேர்வுகளில் படித்த கேள்வியே வரவும், உங்கள் மாடிக் குழாய்களில் காற்றுக்குப் பதில் தண்ணீரே வரவும் மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள்
தலைவன்

பின்குறிப்பு: என் பேச்சையெல்லாம் மேடைக்குமுன் திருத்தித் தருகிறவன் மாவுக்கட்டுச் சிநேகிதன்தான். பழக்கதோஷத்தில் இதையும் அவனிடமே நீட்டிவிட்டேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தான். “நல்லாத்தான்டா எழுதியிருக்க. ஆனா பலகை அதுவா தொங்கிச்சு, தண்ணி அதுவா விழுந்துச்சு. நீ எங்கடா இருந்த?” என்றான். காகிதத்தை வாங்கி மறுபடி படித்தேன், அழுகை வந்துவிட்டது. திருப்பி எழுத நேரமில்லை, ஜெராக்ஸ் கடை மூடிவிடும். அதனால் மேலே இருப்பது எதையும் படிக்காதீர்கள். செய்தது நான். நாளை எல்லாரும் கை தூக்குங்கள், முதல் கை என்னுடையது. இவன் ஒருத்தன்தான், “புகார்தானே குடுத்தேன், உன்னத் தூக்கச் சொல்லலையே” என்று கையைத் தூக்க மாட்டேன் என்கிறான். யாராவது வந்து அவனுக்குப் புத்தி சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்.