தறி ஓடாத நாளில் ஒரு பாட்காஸ்ட்

போன அமாவாசையன்று எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. பத்து நிமிடம் பேச வேண்டும். பேசியதைப் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்று இந்த வலைப்பூவில் நானே தம்பட்டம் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரிட்டயரான டீச்சருக்கு எழுபத்தொரு வயதில் இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். காரணம் கோமதி.

கோமதி என் கல்லூரித் தோழி, இப்போது சென்னையில் இருக்கிறாள். அவளுக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை. முடிந்த பிறகு ஒரு வாரம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டுமாம்.

"தலையணையத் தவிர ஒண்ணும் தெரியாதுடீ. காதுக்காவது எதனா குடு" என்றாள். அதோடு விட்டாளா? "காலேஜ்ல நீ ஆரம்பிச்ச கையெழுத்துப் பத்திரிகை மாதிரி அட்டையோட நிறுத்திடாத."

ஐம்பது வருடமாக அந்த ஒரு அட்டையை வைத்து என்னை அடித்துக்கொண்டிருக்கிறாள்!

ரோஷத்தோடு காலர் மைக் வாங்கினேன். நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட்டேன். முதல் பகுதியின் தலைப்பு: மௌனம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஒத்திகை பார்த்தேன். என் சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் பட்டுத் தறி.

"மௌனம் என்பது..." தடக். "சொற்கள் வந்து..." தடக். "இளைப்பாறும் இடம்." தடக், தடக்.

கேட்டுப் பார்த்தால், தறி பேசிக்கொண்டிருந்தது. நான் பின்னணி இசை.

அவர் மனைவி கன்னியம்மாவிடம் புலம்பினேன். அவள் ஒரே நொடியில் தீர்த்து வைத்தாள். "அமாவாசைக்குத் தறி ஓடாதும்மா. அன்னிக்கு நிம்மதியா பேசிக்கோங்க."

அன்று மாலை நாலு மணிக்குத்தான் கோமதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். தாராளமாக நேரம் இருந்தது.

தறிக்கு லீவு என்றால் தறிக்காரருக்கும் லீவு என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அமாவாசை காலை பத்து மணி. தெரு முழுக்க அப்படியொரு அமைதி. ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பூட்டிய பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் ஜாதி நான். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அழுத்தினேன்.

"வணக்கம். மௌனம் என்பது..."

"அம்மா!" வாசலில் ஏகாம்பரம். "சத்தம் கித்தம் எதனா வருதாம்மா?"

பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். "இப்ப வரைக்கும் இல்லப்பா."

"வந்தா சொல்லுங்க. நான் சும்மாதான் இருக்கேன்" என்றவர், சத்தமே வராமல் இருப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் சத்தமாக விளக்கினார்.

அவரை அனுப்பிவிட்டு மறுபடியும் பொத்தான். "மௌனம் என்பது சொற்கள் வந்து..." டங்! டங்! டங்!

பொத்தானை அழுத்தி, மைக்கும் போனுமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"சும்மா உக்காந்துக்கினு இருந்தா கை ஊறுதும்மா!"

கெஞ்சிக் கூத்தாடி சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது முறை பொத்தான். பாதிப் பக்கம் வந்திருப்பேன்.

"கா... கா... கா!"

அமாவாசைப் படையல்! ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி இலையை வைத்துக்கொண்டு காக்கையைக் கூப்பிடுகிறாள். எங்கள் தெருக் காக்கைகளுக்கு அன்று ஒரே முகூர்த்தத்தில் நாற்பது கல்யாணம். கன்னியம்மா வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. காக்கை சாப்பிடாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. காக்கை வராமல் என் மௌனமும் நகராது.

பொத்தானை அழுத்தி, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் மாடிக்கு ஏறினேன்.

"எங்க மாமியார் உசுரோட இருந்தப்பவும் கூப்ட்ட உடனே வந்ததில்லம்மா" என்றாள் கன்னியம்மா. "உப்பு கம்மின்னு மூஞ்சிய திருப்பிக்கினு எங்கயோ உக்காந்துக்கினு இருக்காங்க."

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத!" ஏகாம்பரத்துக்குப் பசி.

"நான் காக்காவத்தானேயா சொல்றேன்!"

"டீச்சரம்மா, நீங்க ஒரு கொரல் குடுங்க. ரேடியோல பேசற கொரல்!" என்று என் பக்கம் திரும்பினார் ஏகாம்பரம்.

பாட்காஸ்டுக்கும் ரேடியோவுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க அது நேரமில்லை. கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கிய குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "கா...! கா...!"

எதிர் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "எந்தக் காக்காடி அது, புதுசா இருக்குது?"

கடைசியில் ஒன்று வந்தது. சோற்றைத் திரும்பியும் பார்க்காமல் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. "மாமியாரேதான்" என்று கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டரை மணி. வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத் தெருவே உறங்கியது. பொத்தானை அழுத்தினேன். பேசினேன். பத்து நிமிடம், ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசி வரியில் குரல் தானாகவே தழுதழுத்தது. பொத்தானை அழுத்தி முடித்துவிட்டு, "ஆகா, என்ன குரல்டீ உனக்கு!" என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சற்றுச் சாய்ந்தேன்.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்து எழுப்பியது. கோமதி!

"வண்டியில உக்காந்தாச்சு. நான் கேக்கறதுக்கு எல்லாத்தையும் பொண்ணு என் போன்ல இறக்கி வெச்சிக்கினு இருக்கா. உன்னுது எங்க? வந்துடுச்சா, இல்ல அட்டைதானா?"

"அஞ்சே நிமிஷம்!" என்று சொல்லிவிட்டுப் பதிவுகளைத் திறந்தேன்.

முதல் துண்டில் "டிக்" என்று ஒரு சத்தம். முடிந்தது. அடுத்ததில் ஏகாம்பரத்தின் பேருரை. அதற்கடுத்து ஆணி. பிறகு மாமியார். கடைசியில் "என்ன குரல்டீ உனக்கு!" என்ற புகழுரையும், அதைத் தொடர்ந்து என் குறட்டையும்.

காலையில் சந்தேகத்துக்கு அழுத்தினேனே ஒரு இரண்டாவது அழுத்து, அது பதிவை நிறுத்தியிருக்கிறது. அதிலிருந்து எல்லாம் தலைகீழ். நான் பேசும்போதெல்லாம் போன் தூங்கியிருக்கிறது. நான் தூங்கும்போது விழித்திருக்கிறது. மௌனத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்கூட அதில் இல்லை!

மறுபடி பேச நேரமில்லை. அழவும் நேரமில்லை. அவள் ஒரு வாரம் தலையணையைப் பார்த்துக்கொண்டு கிடக்கப் போகிறாள். வெறும் காதோடு அனுப்ப மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்ததை அப்படியே வரிசையாக ஏற்றிவிட்டேன். தலைப்பைக்கூட மாற்றவில்லை. மௌனம், பகுதி ஒன்று.

மூன்றாம் நாள் கோமதியின் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா உங்களைக் கேட்டுக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. டாக்டர் பார்த்துட்டார்."

"ஐயோ, கண்ணுக்கு ஏதாவது..."

"கண் நல்லா இருக்கு ஆன்ட்டி. ஆனா தலையைத் தூக்கக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு கட்டில்ல ஒரு சீட்டு தொங்குதில்ல? அதுல நாலாவதா உங்க பேரை எழுதிட்டுப் போயிட்டார்."