ஜீப்புக்குத் தானே புஷ் மாட்டுகிறவர்

மனிதர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஸ்பேனரைப் பார்த்தால் இவர்கள் முகம் மலரும், மெக்கானிக்கைப் பார்த்தால் சுண்டிப்போகும். 'தானே மெக்கானிக்' என்று இந்த ரகத்துக்குப் பெயர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எங்கே கல்லை விட்டெறிந்தாலும் இவர்களில் ஒருவர் மேல்தான் விழும். விழுந்த கல்லையும் சும்மா விடமாட்டார். "இது எந்த வண்டியோட பார்ட்டு?" என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எறிந்து பார்த்தாயா என்று கேட்காதீர்கள்.

இவருக்கு வண்டிக் கம்பெனியில் வேலை. அங்கே என்ன செய்கிறார்? ஒரு போல்ட் முடுக்குகிறார். துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து 'டர்ர்ர்' என்று ஒரு முடுக்கு. வண்டி நகரும், அடுத்த வண்டி வரும். டர்ர்ர். சேர்ந்த நாளிலிருந்து அதே இடம், அதே போல்ட். ஆனால் ஷிஃப்ட் முடிந்து தெருவுக்குள் நுழைந்துவிட்டால் ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் இவர் பெற்ற பிள்ளை. உங்கள் சைக்கிள் செயின் கழன்றாலும் சரி, எதிர்வீட்டு மிக்சி மூச்சை நிறுத்தினாலும் சரி, "நம்ம கம்பெனில இன்னா செய்வோம் தெரியுமா..." என்று ஆரம்பித்து, சட்டைக் கையை மடித்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாலு திருகாணியைக் கழற்றித் தரையில் வைத்திருப்பார். மாட்டுவாரா? அது வேறு டிபார்ட்மெண்ட்.

பென்னலூரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் எல்லப்பன் அண்ணன். காடு மேடு ஏறுவேன் என்று சொல்லிப் பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை வாங்கினார். அது ஏறிய பெரிய மேடு எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கர். பார்த்த காடு, வல்லக்கோட்டை கோயிலுக்குப் போகையில் வழி தப்பி நுழைந்த ஒரு சீமைக்கருவேலம் புதர். அதற்கே அண்ணன் போனில் ஒரு வாரம் ஸ்டேட்டஸ் ஓடியது.

அந்த ஜீப்புக்கு 'கடக்' நோய். பள்ளத்தில் இறங்கினால் கடக், ஏறினால் இன்னொரு கடக். பட்டை ஸ்பிரிங்கின் முனைகளில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்துபோய், இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் அதற்கு 'ஆஃப்-ரோடு ஃபீலிங்' என்று பேர் வைத்து மரியாதையாகவே நடத்திவந்தார், நாச்சியார் அம்மாள் வாயைத் திறக்கும்வரை.

நாச்சியார் அம்மாள் என்பவர் அண்ணனுடைய தங்கை சசிரேகாவின் மாமியார். தெற்கிலிருந்து வந்து மறைமலை நகரில் குடியேறியவர். சசிரேகா பிள்ளைத்தாய்ச்சி. வளைகாப்பு முடிந்த கையோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த அண்ணன்தான். நாள் குறிக்கப் போன அண்ணன் ஜீப்பில் போனார். தெருமுனையிலேயே சத்தம் கேட்டு அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏ தம்பி, வண்டி வருதா, கல்லொடைக்க மிஷினு வருதான்னு பாத்தேன். பிள்ளத்தாச்சிய இந்தச் சவத்துல ஏத்தினா சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுததுக்குள்ள பிள்ள பொறந்துரும். சத்தம் இல்லாத வண்டி கொண்டா, அனுப்புதேன். இல்லன்னா பேறுகாலம் இங்கனயே நடக்கட்டும்."

மாமியாருக்குப் பின்னால் சசிரேகா நின்றாள். அவள் துணிப்பை, வளைகாப்புக்குப் பத்து நாள் கிடக்கும்போதே, கட்டிலோரமாகத் தயாராக உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கனகம் நியாயமாகத்தான் சொன்னார். "வாடகைக்கு ஒரு காரு எடுத்துட்டுப் போயேன்யா. இல்லாட்டி கூட்ரோட்டு மெக்கானிக் கைல குடு."

"இன்னாடி பேசற? எந்தங்கச்சிய வாடக வண்டில கூட்டினு வர்றதா? மெக்கானிக்காம் மெக்கானிக்கு! நம்ம கைய தாண்டாம ஒரு வண்டி கம்பெனிய வுட்டு வெளிய போவுமா?"

"தாண்டித்தான் போவுது. தாண்டி எங்க போவுதுன்னு என்னிக்காச்சும் பாத்துகிறியா?"

அண்ணி அதே கம்பெனியில், அதே லைனில், கொஞ்சம் தள்ளி வேலை செய்கிறார். அண்ணன் காதில் கேள்வி விழவில்லை. இந்த ரகத்துக்கு இரும்பு பேசினால்தான் கேட்கும்.

வளைகாப்புக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. அண்ணனுக்கு லீவு, அண்ணிக்கு காலை ஷிஃப்ட். அண்ணி தலை மறைந்ததும் சடங்கு தொடங்கியது. ஜீப்பைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு. இடுப்பில் லுங்கி, காலில் சேஃப்டி ஷூ, கண்ணில் கண்ணாடி. ஜீப்புக்கு முன்னால் விறைப்பாக நின்று, "இன்னிக்கி டார்கெட் புஷ்ஷு. சேஃப்டி ஃபர்ஸ்ட்!" என்று தனக்குத்தானே ஷிஃப்ட் மீட்டிங் நடத்தி, தானே கைதட்டிக்கொண்டார். அண்ணியின் பழைய நைட்டியை விரித்து ஸ்பேனர்களைப் பெரியது சிறியதாகப் படுக்க வைத்தார். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும்வரை தூக்கினார்.

"எதுக்குண்ணா இவ்ளோ உயரம்?" என்று வேடிக்கை பார்த்த தெருப் பையன்களில் ஒருவன் கேட்டான்.

"எங்க லைன்ல வண்டி மேல தொங்கினுதாண்டா வரும். அண்ணாந்து பாத்தாதான் நமக்கு கை ஓடும்."

பழைய புஷ் வருவேனா என்றது. சுத்தியலுக்கு வரவில்லை. டீசலுக்கு வரவில்லை. வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டார், அவரும் வரவில்லை. கடைசியில் ரப்பரைக் கொளுத்தினார். கிளம்பிய கரும்புகை, அண்ணி துவைத்துக் காயப்போட்டிருந்த சேலைகளில் எல்லாம் புகுந்து புறப்பட்டது. மிஞ்சிய இரும்பு வளையத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். புது புஷ்ஷுக்குக் குளிக்கிற சோப்பைத் தடவி வைஸ் இடுக்கியில் வைத்து அமுக்க, அது கெளுத்தி மீன் மாதிரி வழுக்கிச் சாக்கடைக்குள் பாய்ந்தது. பிடித்துக் கழுவி மறுபடி அமுக்கினார். பாதி உள்ளே போனபோது போனில் வைத்திருந்த கம்பெனி ஹூட்டர் அடித்தது. டீ பிரேக். அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். லைனில் பிரேக் என்றால் பிரேக்தான்.

அந்த நேரம் பார்த்து அவருடைய நட்டு போல்ட்டுத் தட்டில் ஒரு உபரி நட்டு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது? இது கேலிச் சித்திரம், போலீஸ் விசாரணை அல்ல. எல்லாம் மாட்டி முடித்த பிறகு அந்த நட்டு மட்டும் தனியாக நின்றது. வேறு யாராவதாக இருந்தால் வெலவெலத்துப் போயிருப்பார்கள். அண்ணன் அதை வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு, "டிசைன்லயே எக்ஸ்ட்ரா குட்துகீறான்" என்று பையில் போட்டுக்கொண்டார். இவர்களை ஏமாற்றவே முடியாது ஐயா!

துப்பாக்கி இல்லாததால் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி முடுக்கினார். டர்ர்ர் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டார். பிறகு ஜீப்பை இறக்கினார். இறங்கிய ஜீப் உட்காரவில்லை. தோளைத் தூக்கிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் நிற்கிற பையன் மாதிரி விறைத்து நின்றது.

"பாத்தீங்களா! ஒசரமே ஏறிகீது!" தெருவே கைதட்டியது.

அந்த நேரத்தில்தான் அண்ணி யூனிஃபாரத்தோடு வந்து இறங்கினார். முதலில் சேலைகளைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். குனிந்து ஸ்பிரிங் முனையைப் பார்த்தார்.

"தொங்கறப்பவே டைட் வெச்சிட்டியா?"

"ஆமா. நம்ம கம்பெனில அப்படித்தான?"

"அது உன் ஸ்டேஷன்ல. நீ வெக்கிறது சும்மா புட்ச்சி நிக்கத்தான்யா. சக்கரம் தரைல நின்னு, வண்டி பாரம் எறங்கனப்பறம் வண்டிக்கு அடியில இருக்கிற பள்ளத்துல நின்னு நாங்க வெக்கிறதுதான் ஃபைனல் டைட்டு. இப்ப பாரு, ரப்பரு முறுக்கினு நிக்கிது. நாளைக்கி போய்ட்டு வர்றதுக்குள்ள கிழிஞ்சிரும்."

"நீ... அந்த வேலயா செய்ற?"

"கல்யாணத்துக்கு முன்னேர்ந்தே அதான் செய்றேன்."

தெரு காத்திருந்தது. இந்த இடத்தில் இந்த ரகம் வழக்கமாகச் சொல்வது, "அதத்தான் நானும் நெனச்சேன்." அண்ணன் வாயும் அதற்குத்தான் திறந்தது. ஆனால் கட்டிலோரத்துப் பை ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டது. பிறகு சின்னக் குரலில், "நாளைக்கி சசி உக்காரணும். எப்படி செய்யணும், சொல்லு" என்றார். தானே மெக்கானிக் ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததைத் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தியமாக யாரும் சிரிக்கவில்லை.

போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தினார்கள். தெருவிலிருந்த உருப்படிகள் அத்தனையும் ஜீப்பில் ஏறிக் குதிகுதி என்று குதித்தன. ஜீப் ஒரு பெருமூச்சு விட்டு, தோளை இறக்கி, ஒழுங்காக உட்கார்ந்தது. அண்ணி யூனிஃபாரத்தோடு அடியில் புகுந்து முடுக்க, அண்ணன் பைப்புக்கு முட்டுக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் மறுபடியும் டர்ர்ர் என்றார்.

"வாய மூடினு பைப்ப புடிய்யா."

மறுநாள் வளைகாப்பு முடிந்ததும் நாச்சியார் அம்மாள் மருமகளுக்கு முன்னால் தானே ஏறி உட்கார்ந்து, "ஒரு சுத்து போ பாப்பம்" என்றார். ஊரில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் கை நீட்டிக் காட்டினார். இறங்கியவர், "சத்தத்தக் காணமே. இஞ்சின எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டு, துணிப்பையைத் தன் கையாலேயே எடுத்து வந்து உள்ளே வைத்தார். "சூதானமா கூட்டிட்டுப் போ, தம்பி."

திரும்பி வருகிற வழியெல்லாம் சசிரேகா, கை நிறைய வளையலோடு அண்ணி தோளில் சாய்ந்து தூங்கினாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அண்ணன் எறும்பு மாதிரி ஏறி இறங்கிவிட்டு, பின்னால் திரும்பி, "சத்தம் எதுனா கேக்குதா?" என்றார். மறுபடியும், "கேக்குதா?" என்றார்.

"கேக்குது. டிரைவர் சீட்லேர்ந்துதான் வருது. அவ தூங்கறா, பேசாம ஓட்டு."

யாரோ எல்லப்பன் கதை என்று நன்றாகச் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் அவர் ரப்பரைக் கொளுத்திய இடத்தைப் படித்தபோது, "சே, அதை ஏன் எரிக்கணும்? நானா இருந்தா..." என்று உள்ளுக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததே, அது யாருடையது? எனக்கு எதற்கு வம்பு. உங்கள் வண்டியில் பின்சீட்டில் உட்காருகிறவர்களையே கேளுங்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று. சொல்வார்கள். சொன்னதும் ஸ்பேனரைத் தேடாதீர்கள்.