பின்செல்வோர்

உலகத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் குழந்தையை முன்னால் விட்டு, பின்னால் பிரம்போடு நடந்தவை. பிரம்பைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு பின்னால் நடக்கும் மாபெரும் புரட்சியைச் செய்தது ஐதராபாத் கோக்காப்பேட்டையில் உள்ள எங்கள் மழலையர் பள்ளி.

எங்களிடம் ஆசிரியர்கள் கிடையாது, 'பின்செல்வோர்' உண்டு. நான் துணைப் பின்செல்வோர். மூக்கு துடைப்பதும் கால் கழுவிவிடுவதும் என் துறை. என் அம்மா கல் உடைத்தாள், நான் பின்செல்கிறேன். முன்னேற்றம்தான்.

இங்கே அலமாரி, குழாய், கண்ணாடி எல்லாமே குழந்தையின் உயரத்தில் இருக்கும். "மொழியைத் திணிக்காதீங்க. அது தானா பூக்கும்," என்பார் தலைவி ஸ்ரவந்தி மேடம். ரித்விக்குக்கு நாலு வயது முடிந்தும் பூக்கவில்லை. வாயே திறக்க மாட்டான். அதற்கு 'ஆழ்ந்த கவனிப்பு' என்று பெயர்.

இந்த வருடம் ஒரு 'சமத்துவ இருக்கை' ஒதுக்கினோம். பக்கத்துக் கட்டடத்தில் சாந்து சுமக்கும் போசம்மாவின் மகள் நாகமணிக்குக் கிடைத்தது.

"இந்த எடம் போச்சுன்னா இவள மறுபடி மணல் குவியல்லதான் விடணும் அக்கா," என்றாள் போசம்மா என்னிடம். "போன மாசம் லாரி பின்பக்கமா வந்துச்சு. மயிரிழைல தப்பிச்சா."

நாகமணிக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு, தளம் போடுவது. மணல் தொட்டியருகே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி மணல் சட்டியைக் கைமாற்றினாள்.

"ஏய் கண்ணாடிக்காரா, புடிடா. ஒங்கப்பன் வந்து புடிப்பானா?"

சுவரில் கரித்துண்டால் ஆளுக்கொரு அடையாளம் போட்டாள். கண்ணாடிக்காரனுக்கு இரண்டு வட்டம். ரித்விக்குக்கு மூடிய வாய் போல ஒரு கோடு. அதைத் தொட்டு ஆள் கூப்பிட்டாள். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அந்தச் சுவரை வாசித்தது.

"பாத்தீங்களா, தானா பூக்குது," என்று மேடம் கண் கலங்கினார்.

பெற்றோர் தினத்தன்று, "இன்னைக்கும் குழந்தைங்கதான் வழிநடத்துவாங்க," என்று அறிவித்தார். வழிநடத்தினார்கள். பெற்றோரையும் இழுத்துச் சட்டி வரிசையில் நிறுத்தினார்கள். சட்டி ரித்விக்கிடம் வந்தது. அடுத்து நின்றது அவன் அப்பா. அவர் கையை நீட்டவில்லை. ரித்விக் வாயைத் திறந்தான்.

"சாந்து காயுது. மரமாட்டம் நிக்கிறியே, வாங்கித் தொலைடா சோம்பேறி."

அவன் அம்மா அழுதுவிட்டாள். "பேசிட்டான். எம் புள்ள பேசிட்டான்."

"என்ன பாஷைல பேசினான், கேட்டியா?" என்றார் அப்பா.

"தெலுங்குதாங்க. உங்கப்பா இப்படித்தானே பேசுவாரு."

அவர் மனைவியை விட்டு நகர்ந்தார். மேடத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அந்த நேரத்தில் நாகமணி, ரித்விக்கின் கோட்டை அழித்து வட்டமாக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுவருக்கு வெள்ளையடித்தோம். போசம்மாவை வரச்சொன்னோம்.

"என்ன தப்பு பண்ணினா மேடம்?"

"தப்பே இல்ல போசம்மா. அவ ரொம்ப முன்னால போயிட்டா. எங்களால கூட வரமுடியல."

போசம்மா மகளின் கையைப் பிடித்து நடந்தாள். பின்னாலேயே வரிசை கிளம்பியது; ரித்விக் முதல் ஆள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகப் பூத்தது. தாயும் மகளும் வாசலைத் தாண்டினார்கள்.

"கதவச் சாத்துங்க," என்றார் மேடம்.

அப்பால் ஏதோ லாரி பின்பக்கமாக வரும் ஓசை. ரித்விக் நுனிக்காலில் நின்று கையை உயர்த்திப் பார்த்தான், எட்டவில்லை. எங்கள் பள்ளியில் எல்லாமே குழந்தையின் உயரத்தில்தான் இருக்கும். தாழ்ப்பாள் மட்டும் எங்கள் உயரத்தில்.