இருபது லாரி வரை அமைதி

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒன்பதாவது லாரி வந்துவிட்டது.

'டிக்' என்றது வெற்றிச்செல்வியின் கையிலிருந்த எண்ணும் கருவி.

அறிவரசனுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. சைக்கிளை ஓரம் கட்டி, தூசி அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ வழி தவறி வந்த வண்டிங்க மேடம்."

"ஒன்பதுமா வழி தவறி வந்துச்சு?"

அறிவரசன் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டார். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் இதே வழியில் வருகிறார். ஆட்டு மந்தையைத் தவிர வேறெதுவும் அவரை மறித்ததில்லை.

வெற்றிச்செல்வி சென்னைக்காரர். தமிழ்நாடு முழுக்கச் சைக்கிளில் சுற்றி, வண்டித் தொந்தரவில்லாத கிராமத்து வழிகளைத் திரட்டி வரைபடப் புத்தகம் போடுகிறவர். அவருடைய சட்டம் கறாரானது. வழியில் மேடு பள்ளம் இருக்க வேண்டும், பழைய ஊர்கள் இருக்க வேண்டும், நாற்பது கிலோமீட்டர் முடியும்போது லாரி இருபதைத் தாண்டக் கூடாது. இருபத்தொன்றாவது லாரி வந்தால் அந்த வழிக்குப் புத்தகத்தில் இடமில்லை. முந்தின நாள் பெரம்பலூர்க்காரர்கள் பச்சைமலை அடிவாரத்தைச் சுற்றிக் காட்டி, மூன்றே லாரியில் பாஸாகிவிட்டார்கள்.

அரியலூரில் மலைக்கு எங்கே போவது? சுண்ணாம்புக்கல் தோண்டிக் கொட்டிய மேடுகளைத்தான் அறிவரசன் மலையாக்கிக்கொண்டார். கல்லங்குறிச்சியில் கோயில், விக்கிரமங்கலத்தில் பழங்காலச் சிலைகள், கடைசியில் ஏலாக்குறிச்சி மாதா கோயில் என்று வழியைக் கோத்திருந்தார்.

உரக்கடையில் ஆறு நாள் நின்று கால் வீங்குகிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில்தான் அவருக்கு உயிர் திரும்பி வரும். அந்த உயிருக்கு மனைவி கலையரசி கெடு வைத்திருந்தாள்.

"ரெண்டு வருசமா ரோடு ரோடுன்னு அலையிறீங்க. இந்தப் பொஸ்தகத்துல உங்க ரோடு வரலேன்னா, சைக்கிள வித்துட்டு ஞாயித்துக்கெழம எங்கண்ணன் சிமெண்டு குடோனப் பாத்துக்கங்க. சத்தியம் பண்ணுங்க."

சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

பத்தாவது லாரி வந்தது. டிக். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி அறிவரசனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். முன்னால் போன டிரைவர்களும் இப்படித்தான் வணக்கம் வைத்தார்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார் வெற்றிச்செல்வி.

"இல்லீங்க மேடம்" என்று சொன்ன அறிவரசனுக்குக் குழப்பமாக இருந்தது. ஜென்மத்தில் பார்த்திராத டிரைவர்கள் எதற்கு அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள்? தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று கலையரசி வாங்கிக் கொடுத்த பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த பிரிவில் இறங்கினார். நேராகப் போக வேண்டிய வழியை விட்டு இடது பக்கம் ஒரு கப்பிச் சாலை.

"இது இன்னும் அமைதியா இருக்கும் மேடம். லாரிக்காரனுக்கு இப்படி ஒரு ரோடு இருக்கிறதே தெரியாது."

பின்னால் அறிவரசனுக்குப் பழக்கமான மகேஷ் தலைமையில் சென்னையிலிருந்து வந்த எட்டுப் பேர் மெதுவாக மிதித்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி தெரிய வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் சுண்ணாம்புப் பொடி நிரப்பி வைத்திருந்தார் அறிவரசன். பாட்டிலைக் கவிழ்த்து இடது பக்கம் ஓர் அம்புக்குறி போட்டார். காலையில் ஆறு மணிக்கு, பாலம் வேலை நடக்கிற மெயின் ரோட்டு முக்கில் தொடங்கி, பிரிவுக்குப் பிரிவு இப்படித்தான் போட்டு வந்திருந்தார்.

கப்பிச் சாலையில் பத்து நிமிடம் சொர்க்கமாக இருந்தது. ஒரு மேட்டில் ஏறி நின்றார்கள். கல்லாகிப்போன கடல் சிப்பி ஒன்றை வெற்றிச்செல்வி பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இங்க கடல் இருந்துச்சா?"

"கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடிங்க மேடம்."

"அற்புதம்" என்றார் வெற்றிச்செல்வி. அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. அறிவரசன் மனசுக்குள் கலையரசிக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மேட்டுக்குக் கீழே ஹாரன் கேட்டது. கப்பிச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு லாரிகள்.

டிக். டிக். டிக். டிக்.

அறிவரசனின் கைபேசி அடித்தது. மகேஷ்.

"அண்ணே, லாரித் தூசியில உங்க அம்பு சரியாத் தெரியல. நாலு பேரு நேரா போயிட்டாங்க, கூப்பிட்டுட்டு வந்துருக்கேன். கொஞ்சம் பெருசாப் போடுங்க."

"போடுறேன்டா. அந்த லாரியெல்லாம் எங்கேருந்து வருது?"

"தெரியலண்ணே. எங்களுக்குப் பின்னாடி இன்னும் நெறைய வருது."

அப்போதுதான் அறிவரசனுக்குப் பொறி தட்டியது. லாரி என்றால் சிமெண்ட், சிமெண்ட் என்றால் மச்சான் செல்லப்பன். ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிற மனிதர். வழி கெட்டுப்போனால் யாருக்கு லாபம்? டிரைவர்கள் வணக்கம் வைத்ததும் இப்போது புரிந்த மாதிரி இருந்தது. முதலாளியின் மாப்பிள்ளையை நக்கல் செய்கிறார்கள்.

வெற்றிச்செல்வி காதில் விழாமல் இருக்க ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ப் பேசினார்.

"மச்சான், நல்லாருக்கா நீங்க பண்றது?"

"என்ன மாப்ள பண்ணேன்?"

"இந்தப் பக்கம் எதுக்கு இத்தன லாரிய அனுப்பி வச்சிருக்கீங்க?"

"நானா? நானே மெயின் ரோட்டுல டீக்கடையில குந்தியிருக்கேன் மாப்ள. காலையிலேர்ந்து இங்க ஒரு லாரி கூடக் கண்ணுல படல."

"எப்படிப் படும்? எல்லாத்தையும்தான் இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டீங்களே."

"மாப்ள, வெயில்ல சைக்கிள் ஓட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டார் செல்லப்பன்.

இரண்டே நிமிடத்தில் கலையரசி அழைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையானது.

"எங்கண்ணன என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல கலை."

"லாரிய ஏவி விடுறாருன்னு சொன்னீங்களாமே. எங்கண்ணனுக்கு இருக்கிறது ஒரே லாரி, அதும் மூணு நாளா பட்டறையில நிக்கிது. வூட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."

ஒரே லாரியா? அப்படியானால் இதெல்லாம் யாருடைய லாரி? அறிவரசன் வெற்றிச்செல்வியிடம் திரும்பி வந்தபோது கருவி பதினேழு காட்டியது. அவர் போன் பேசிய நேரத்தில் மூன்று போய்விட்டன.

"ஏலாக்குறிச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"இருபத்தஞ்சு கிலோமீட்டருங்க மேடம். ஒண்ணு பண்ணலாம். அடுத்த முக்குல ஏரிக்கரை வழி ஒண்ணு பிரியுது. மாட்டு வண்டி மட்டுந்தான் போகும். லாரி உள்ள வந்தா திரும்பக்கூட முடியாது."

"இன்னும் மூணுதான் பாக்கி, ஞாபகம் இருக்கட்டும்."

ஏரிக்கரை முக்கில், மகேஷ் சொன்னபடி, இந்தத் தடவை அம்புக்குறியை ஆறடி நீளத்துக்குப் போட்டார். போதாதென்று பக்கத்திலேயே இன்னும் இரண்டு போட்டார். ஒற்றைக் கண்ணன் வந்தாலும் தவற விட மாட்டான். பாட்டிலில் பொடி பாதிக்கு வந்துவிட்டது.

கரையில் ஏறினார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நாரை ஒன்று நின்றது. மிதிகட்டை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வெற்றிச்செல்வி எண்ணும் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு வழியத்தான் நான் தேடிட்டிருக்கேன் சார். இத மொதல்லயே காட்டியிருக்கலாமே?"

அறிவரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிளின் கைப்பிடியை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். தப்பித்தாய் என்று அதனிடம் சொல்ல வாயெடுத்தார்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏரிக்கரையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. கரை வளைகிற இடம் வரைக்கும் லாரி, வளைவுக்கு அப்பாலும் தூசி. நடுநடுவே மகேஷும் சென்னைக்காரர்களும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வெற்றிச்செல்வி கருவியை எடுத்தார். டிக், டிக், டிக் என்று இருபது வந்தது. இருபத்தொன்றுக்குக் கட்டை விரலை ஓங்கியவர், எண்ணி முடியாது என்று தெரிந்து, கருவியைப் பையிலேயே போட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். ரொம்ப அழகான வழிதான். ஆனா இதப் புத்தகத்துல போட்டா என்னைய அடிப்பாங்க."

அறிவரசனுக்கு அழுகை முட்டியது. சைக்கிள் போச்சு, ஞாயிறு போச்சு, இனி ஆயுசுக்கும் குடோன்தான். துக்கம் முற்றி ஆத்திரமானது. சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, கையில் பாட்டிலோடு விறுவிறுவென்று முதல் லாரிக்கு நடந்தார். வண்டி நின்றது. டிரைவர் பிச்சைமுத்து ஐம்பது வயது ஆள். அவசரமாகக் கீழே இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாட்டு வண்டி போற பாதை இது. மெயின் ரோடு காலியா கெடக்கு. இந்த வழியா வரச் சொல்லி எவன்யா உங்களுக்குச் சொன்னது?"

பிச்சைமுத்து அறிவரசனின் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த சுண்ணாம்புப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்:

"என்ன சார் எங்களக் கேக்குறீங்க, காலையில பாலத்து முக்குலேர்ந்து நீங்க அம்பு போடப் போட அதப் பாத்துத்தானே அத்தன வண்டியும் வருது, அடுத்த அம்பு எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நாங்க பாட்டுக்குப் போயிடுறோம்."