சிற்பத்தின் இடுப்பில் எங்கள் கேஜ்

கலைக் கண்காட்சிகளில் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து போகிற இடத்தில் இதை யாருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்காகத்தான். ஒரு சிற்பத்தை, அதைச் செய்தவர் பக்கத்தில் நிற்கும்போதே இரண்டு துண்டாக்கிய ஆள் நான். (கேஸ் கீஸ் எதுவும் இல்லை. பயப்படாம படிங்க.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. என் ஊரான கல்லாவியிலிருந்து ஒரு டிப்ளமோ சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. சம்பளமும் கொடுத்துக் குறை சொல்லச் சொன்னால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? மெஸ்ஸில் தோசையைத் திருப்பிப் பார்த்து, "வட்டம் சரியில்லையே" என்று சொல்லும் அளவுக்கு அது முற்றிப் போயிருந்தது.

எங்கள் பிரிவில் பிளக் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. ஒரு சாண் நீளத்துக்கு எஃகு உருளை. பச்சைக் கோடு போட்ட முனை துளைக்குள் போக வேண்டும், சிவப்புக் கோடு போட்ட மறுமுனை போகக்கூடாது. அப்படியானால் துளை சரியான அளவில் இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுப்பவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், திருப்பி வைத்ததும் இன்னொரு கையெழுத்து. இந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜையில் இருந்த கேஜை, ஐந்தே நிமிஷம்தானே என்று கையெழுத்துப் போடாமல் எடுத்தேன். அது யசோதா எடுத்து வைத்திருந்த கேஜ். யசோதா என்னைவிட ஒரு வருஷம் சீனியர், பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. அன்று சாயங்காலம் கேஜைக் காணோம். ரிஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்து அவளுடையது.

"பிரபு, என் டேபிள்லேர்ந்து நீ ஏதாவது எடுத்தியா? நல்லா யோசிச்சு சொல்லு."

"நானா? சேச்சே!"

சொல்லிவிட்டேன். திருப்பி வைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு நினைவே இல்லை. நினைவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமும் இல்லை.

குவாலிட்டி மேனேஜர் மூர்த்தி சார் மூன்று வாரம் தேடச் சொன்னார். அலமாரியை நகர்த்தினோம், குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். எல்லோரையும்விட மும்முரமாகத் தேடியது நான்தான். கடைசியில் யசோதாவுக்கு மெமோ வந்தது. அவளுடைய பயிற்சிக்காலம் முடிந்து திங்கட்கிழமை நிரந்தர ஆர்டர் கையெழுத்தாக வேண்டும். கேஜ் கிடைக்காவிட்டால் கையெழுத்து இல்லை என்று சார் சொல்லிவிட்டார். ஆர்டர் வராவிட்டால் ஓசூரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் அப்பா முன்பே சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க அவள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வந்தது. கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஸ்டெல்லா மேடம் என்ற சிற்பி, எங்கள் கம்பெனி ஸ்கிராப்பை ஆறு மாதமாக லோடு லோடாக வாங்கிப் போய் என்னவோ செய்துகொண்டிருந்தார். அதையெல்லாம், அவர் வரைந்த ஓவியங்களோடு சேர்த்து, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எல்லோரும் யூனிஃபார்மில் வர வேண்டும் என்று உத்தரவு.

நான் அதுவரை பார்த்திருந்த ஓவியமெல்லாம் காலண்டரில்தான். உள்ளே போனதும் என் குறை காணும் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு பெரிய கேன்வாஸ் முழுக்கச் சாம்பல் நிறம், அடியில் மெல்லிசாக ஓர் ஆரஞ்சுக் கோடு. அவ்வளவுதான். யசோதா அதன் முன்னால் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைத்தால் என் பாவம் கொஞ்சம் குறையுமோ என்று பக்கத்தில் போனேன்.

"பிரைமர் அடிச்சதும் பெயிண்டர் டீ குடிக்கப் போயிட்டார்போல."

அவள் சிரிக்கவில்லை.

"காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு பஸ்ல வர்றப்போ வெளிய இப்படித்தான் இருக்கும். அந்தக் கோடு தெரிஞ்சா நான் எறங்கணும்னு அர்த்தம். திங்கக்கிழமைக்கு அப்புறம் அதப் பாக்க முடியுமோ என்னமோ."

நான் மறுபடி பார்த்தேன். எனக்குப் பிரைமர்தான் தெரிந்தது. ஆனால் அதற்குமேல் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

அங்கிருந்து தப்பித்து மேடைப் பக்கம் போனேன். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில் ஆளுயரச் சிற்பம் ஒன்று நின்றது. பல்சக்கரமும் சங்கிலியும் இரும்புச் சுருளுமாக ஒரு மனிதன், இடுப்பில் முன்பக்கமாக மடிந்து குனிந்திருந்தான். பெயர் "செகண்ட் ஷிப்ட்". மூர்த்தி சாருக்கு ஸ்டெல்லா மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். "இடுப்புல மட்டும் வெல்டிங் வைக்கல சார். ஃபேன் காத்துக்கு லேசா அசையணும். ஒரு இரும்பு பின்தான் செருகியிருக்கேன்."

நான் அந்தப் பின்னைப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். ஒரு முனையில் பச்சைக் கோடு, மறுமுனையில் சிவப்புக் கோடு. நடுவில் பொறித்திருந்த எண்ணைப் படிக்கக்கூடத் தேவையில்லை. மூன்று வாரமாகக் கனவில் பார்த்த எண் அது.

ஒரு மனிதனுக்கு அந்த நேரத்தில் எத்தனையோ வழிகள் இருந்தன. சாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். மேடத்திடம் கேட்டிருக்கலாம். நான் நேராகக் கையை விட்டு உருவினேன்.

மேல்பாதி மனிதன் ஒரு விநாடி யோசித்தான். பிறகு தலைகுப்புற விழுந்தான். மண்டபம் அதிர்ந்தது. பல்சக்கரம் ஒன்று மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக உருண்டு போய்ச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் படுத்தது. அந்த அமைதியில் நான் கேஜைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கெடச்சிருச்சு சார்!" என்று கத்தினேன். (சத்தியமா கத்தினேன். வீடியோ இருக்கு.)

"அய்யோ, ஏனப்பா இது!" என்றார் மூர்த்தி சார், என்னப்பா இது என்று கன்னடத்தில். சிலையைச் சொன்னாரா, கேஜைச் சொன்னாரா, என்னையே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. பிறகு கேஜை வாங்கி எண்ணைப் படித்தார். "இது ஸ்கிராப்புக்கு எப்படிப் போச்சு?" ஸ்கிராப் என்றதும்தான் அந்த மத்தியானம் எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

யசோதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். பெருக்குகிறவர்கள் தவறிப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நான்தான் சார். யசோதா டேபிள்லேர்ந்து எழுதாம எடுத்தேன். ரிஜெக்ட் டிரேல வெச்சு மறந்துட்டேன். அந்த டிரேய ஸ்கிராப் தொட்டியில கொட்டுனதும் நான்தான். அவங்க மேல தப்பே இல்ல சார்."

சொல்லி முடித்ததும் எனக்கு அவமானமாக இல்லை. மூன்று வாரமாக மூச்சு விடாமல் இருந்தவன் முதல் தடவையாக மூச்சு விட்டது போல இருந்தது. மூர்த்தி சார் திட்டினார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் தொடர்ந்து ஆங்கிலத்தில் முடித்தார். எதுவுமே உறைக்கவில்லை. அவ்வளவு நிம்மதி.

உறைத்தது ஸ்டெல்லா மேடத்தின் குரல். "உங்க கேஜ் உங்களுக்குக் கெடச்சிருச்சு. என் ஆள் எழுந்து நிக்க வேணாமா?"

மறுநாள் கேஜ் சோதனைக்குப் போய், அளவு மாறவில்லை என்று வந்தது. யசோதாவின் ஆர்டர் அன்றே கையெழுத்தானது. என் ஆர்டரை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். அதோடு, சிற்பத்துக்கு நான் வேறு பின் செய்து கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது. ஊரார் வேலையெல்லாம் ரிஜெக்ட் செய்தவனுக்கு அன்றுதான் சரியான இன்ஸ்பெக்டர் கிடைத்தார்.

லேத்தில் கடைந்து, தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டெல்லா மேடம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதையும் வேண்டாம் என்றார். மூன்றாவதுக்கு எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அளவு கரெக்டா இருக்கு மேடம். எங்க தப்புன்னு காட்டுங்க பாக்கலாம்!"

"தப்பே இல்ல. அதான் பிரச்சினை. உங்க கேஜ்ல நடுவுல மழுங்கிப் போயிருந்துச்சே, கவனிச்சீங்களா? பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சது. அதுக்காகத்தான் அந்தக் குவியல்ல அத எடுத்தேன். இத யாருமே தொட்டதில்லையே."

தினம் கையில் பிடித்த பொருள். அளவு பார்த்திருக்கிறேன், அந்தத் தேய்வைப் பார்த்ததில்லை. அன்று ஓரமாகப் போட்டிருந்த பழைய இயந்திரத்திலிருந்து, பல வருஷம் யார் யாரோ பிடித்துத் தேய்ந்த ஒரு கைப்பிடிக் கம்பியை அனுமதி வாங்கிக் கழற்றிக் கொண்டுபோனேன். (ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான்.) ஸ்டெல்லா மேடம் அதை விரலால் தடவிப் பார்த்து, "இது ஓகே" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை. இடுப்பில் கம்பியைச் செருகியதும் அந்த மனிதன் எழுந்து, குனிந்து, லேசாக அசைந்தான். அப்போதுதான் பார்த்தேன். ராத்திரி செகண்ட் ஷிப்ட் விட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நான் அப்படித்தான் நிற்பேன். கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

யசோதா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நாலாவது மாதம், "மத்ததெல்லாம் இருக்கட்டும், எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்ட பாரு" என்றாள். அந்த ஒரு பாயிண்டை வைத்துக்கொண்டு அவள் அப்பாவைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது.

இப்போது லீவு நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கண்காட்சி பார்க்கப் போகிறோம். எனக்கு இந்த நவீன ஓவியம், சிற்பமெல்லாம் நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிஷம் நிற்பேன். ஒரே ஒரு நிபந்தனைதான். வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை யசோதா என் வலது கையைக் கோத்துப் பிடித்திருப்பாள். போன மாதம் ஓர் இளம் பெண் சிற்பி எங்களைப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் எவ்ளோ லவ்!" என்று நெகிழ்ந்து போனார்.

"லவ்வெல்லாம் வீட்ல மேடம். இங்க இந்தக் கைய விட்டா உங்க சிலை நிக்காது" என்றாள் யசோதா.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எங்கள் மகளுக்குப் புரிந்தது. ஓடி வந்து என் இடது கையையும் பிடித்துக்கொண்டாள். மூக்கு அரித்தால்கூட இரண்டு பேரிடம் அனுமதி வாங்கித்தான் சொறிந்துகொள்கிறேன்.